மாமா அறையின் தூசி

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். கொடியில் போட்ட துணி சாயங்காலமும் ஈரம்.

முரளி ஆபீஸ் போகும் முன் கே.கே. நகர் போய் மாமாவை, அவர் அப்பாவை, கூட்டி வந்தார். அண்ணி வீட்டில் பத்து நாள் இருந்ததில் முகத்தில் சதை போட்டிருக்கிறது. போகும்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாதவர். இன்று வாசலிலேயே வாட்ச்மேனிடம் நின்று அரட்டை. சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை வசந்தா அண்ணி போனில் பிடுங்கிக்கொண்டாள். முரளிக்கு அக்கா, எனக்கு நாத்தனார், எல்லாருக்கும் நீதிபதி.

"பாத்தியா, இங்க இருந்தப்போ ஒரு இருமல் கிடையாது. அங்க வந்தா மட்டும் ஏன் வருது? நீ லேப்லேருந்து வந்தா குளிச்சிட்டுத்தானே அப்பா பக்கத்துல போறே?"

"ஆமா அண்ணி."

"இல்ல, கேட்டேன். கிருமியோடயே வேலை பாக்கறவ நீ."

என் வேலை என்ன என்று பல தடவை சொல்லியாயிற்று. கடை, வீடு, லிஃப்ட், பஸ் என்று மனிதர் புழங்கும் இடத்துத் தூசியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. கிருமிகளில் முக்கால்வாசி பரம சாது. அண்ணிக்கு அதெல்லாம் காதில் ஏறாது.

வாங்க வேண்டியது: பினாயில், துவரம்பருப்பு, மாமாவுக்கு புது டூத்பிரஷ்.

அக்டோபர் 8, புதன்

வந்து இரண்டு நாள் ஆகவில்லை. சாயங்காலம் மாமாவுக்கு மறுபடி இருமல், குளிர், லேசான ஜுரம். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

முரளி என்னைப் பார்த்த பார்வை. வாயால் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

லேப் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டேன். பிறகு அதை நினைத்து எனக்கே கோபம்.

அக்டோபர் 9, வியாழன்

லீவ். மாமாவுடன் நுரையீரல் டாக்டர். முரளியும், அண்ணியும். நாலு பேர் ஒரு சின்ன அறையில்.

ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். நுரையீரல் முழுக்கப் பனி படிந்த மாதிரி. தொற்று இல்லையாம். சுவாசத்தில் போகும் ஏதோ ஒன்றை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறதாம்.

"வேற வீட்ல இருந்தா சரியாயிடுது, இல்லியா? அப்போ உங்க வீட்லதான் ஏதோ இருக்கு. ஏர்கூலர்? ஈரச் சுவர்? பழைய மெத்தை? புறா, கிளி? பூஞ்சை பிடிச்ச ஏசி?"

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். மாமாவும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சு எடுத்துடுங்க. மாத்திரை கொஞ்ச நாளைக்கு அமுக்கி வைக்கும். அவ்வளவுதான். விட்டா நுரையீரல் தழும்பாயிடும். அப்புறம் திரும்பி வராது."

வெளியே வந்ததும் அண்ணி, முரளியிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே: "வீட்டுக்குள்ள என்ன வருது, போகுதுன்னு இனிமேலாவது பாரு."

அக்டோபர் 11, சனி

சரி, பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். லேப்பிலிருந்து பஞ்சுக் குச்சிகள், சின்னச் சின்னக் குழாய்கள். ஹால், சமையலறை, மாமாவின் மின்விசிறி இறக்கை, கட்டில் விளிம்பு, ஏசி வடிகட்டி, பாத்ரூம் மிதியடி. கூடவே என் கைப்பை, என் செருப்பு. ஒன்றையும் விடவில்லை.

பாத்ரூம் உள்ளேயும் எடுக்கப் போனேன். மாமா குறுக்கே வந்துவிட்டார்.

"அங்க என்னம்மா, வெறும் ஈரம். நான் காலைலதான் கழுவினேன்."

அவர் பாத்ரூமை அவரே கழுவிக்கொள்வார். வேலைக்கு வரும் தேவியைக்கூட விடமாட்டார். வயசான மனுஷருக்கு ஒரு கூச்சம் இருக்கும் என்று நானும் விட்டேன்.

முரளிக்குப் பிடிக்கவில்லை. "வீட்ட லேப் ஆக்கிட்டியா?"

"உங்க அக்கா அதைத்தானே சொல்றாங்க."

டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

சில்லறைத்தனமான ஒரு காரியம் செய்தேன். இங்கே மட்டும் எழுதலாம்.

மாமாவின் தலையணை அண்ணி கொடுத்தது. உள்ளே இறகாக இருக்குமோ என்று காலையிலிருந்து அரிப்பு. இறகு சிலருக்கு ஆகாது. அப்படி மட்டும் இருந்துவிட்டால்! முரளி காய்கறி வாங்கப் போனதும் ஓரத்தைப் பிரித்தேன்.

இலவம்பஞ்சு. பளிச்சென்று.

தைத்து வைத்தேன். தையல் கோணல். அண்ணி கண்ணில் கட்டாயம் படும்.

அக்டோபர் 13, திங்கள்

குழாய்களில் எண் மட்டும் எழுதி, லேப்பில் ஃபர்ஸானாவிடம் மற்றதோடு சேர்த்துக் கொடுத்தேன். தூசியில் இருக்கும் கிருமிகளின் டி.என்.ஏ.வைப் பார்த்து யார் யார் என்று சொல்வது அவள் வேலை. யார் வீடு என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்காததும் ஒரு மாதிரி இருந்தது. தெரிந்துதான் கேட்கவில்லையோ?

மதியம் தி.நகர். ஒரு ஜவுளிக் கடையின் உடை மாற்றும் அறைகளில் தூசி எடுக்க வேண்டும். தீபாவளிக் கூட்டம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கவில்லை, நகர்த்தப்பட்டேன். கடை மேனேஜர் அனுமதிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கார்ப்பரேஷனா? உண்மையச் சொல்லுங்க. போட்டிக் கடைக்காரங்க அனுப்பினாங்களா?"

எல்லாருக்கும் யார் மேலாவது சந்தேகம். ஊரே அப்படி இருந்தால் நான் மட்டும் எப்படி இருப்பது.

அக்டோபர் 14, செவ்வாய்

இட்லி அரிசி டப்பா பாதிக்குக் கீழே. போன வாரம்தான் நிரப்பினேன். இந்த வாரம் இட்லிக்கு ஊறப்போடவே இல்லை.

தேவியிடம் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று வாயை விட்டு வந்தபிறகுதான் தெரிந்தது.

துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னாக்கா, அரிசி கொறையுதுன்னு என்னாண்ட சொல்றீங்க?"

"இல்ல தேவி, உனக்கு ஏதாவது தெரியுமான்னு..."

"ஆத்தோரம் இருந்தப்ப நடந்து வந்தேன். இப்ப குடிசைய இடிச்சு பெரும்பாக்கத்துல தள்ளிட்டானுங்க, அங்கேந்து பஸ்சு மாறி மாறி வந்துகினு கீறேன். உங்க அரிசிய தூக்கினு போவத்தானா?"

மாமா ஹாலில் பேப்பருக்குப் பின்னால். பேப்பர் அசையவே இல்லை.

தேவி மாப்பை ஓரமாகச் சாய்த்துவிட்டு, பாதித் தரை ஈரமாக இருக்கும்போதே போய்விட்டாள்.

அக்டோபர் 15, புதன்

தேவி வரவில்லை. மழை காரணமாக இருக்கலாம். இல்லை.

பாத்திரம் நானே. மாமாவுக்குச் சாயங்காலம் மறுபடி ஜுரம். முதுகைத் தடவிக்கொடுத்தேன். மூச்சு உள்ளே போகும்போது முறுக்கு நொறுங்கும் மாதிரி ஒரு சத்தம். பயமாக இருந்தது. வெறும் பயம். யார் மேலும் கோபம் இல்லாத பயம்.

அக்டோபர் 16, வியாழன்

ஃபர்ஸானா மதியம் டிபன் பாக்ஸோடு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க குடுத்த வீடு இருக்கே, அங்க புறா வளக்கறாங்களா?"

"இல்லையே."

"வளக்கறாங்க. கைப்பை, செருப்பு, ஹால் எல்லாம் சாதாரணம். மனுஷத் தோல்ல இருக்கற கிருமிதான். ஆனா அந்த ஒரு ரூம்ல, ஃபேன்லயும் கட்டில்லயும், பறவைக் குடல்ல இருக்கற வகை அப்படியே கொட்டிக் கிடக்கு. மிதியடில கேக்கவே வேணாம். புறாக் கூண்டையே மிதிச்சிட்டு வந்த மாதிரி."

"மாறிப் போயிருக்குமா? தி.நகர் கடைக் குழாயோட?"

ஃபர்ஸானாவின் முகம் சுருங்கியது. "நான் மாத்த மாட்டேன்க்கா. வேணும்னா திரும்பப் போடறேன்."

மன்னிப்புக் கேட்டேன். இந்த வாரத்தில் நான் காயப்படுத்திய இரண்டாவது ஆள்.

பிறகு அவளே மெதுவாக: "உங்க வீடாக்கா?"

தலையாட்டினேன். தன் டப்பாவிலிருந்து ஒரு கபாபை என் தட்டில் வைத்துவிட்டு வேறு ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே யோசனை. கிருமிகள் இங்கே குற்றவாளி இல்லை, சாட்சி. மாமாவின் உடம்புக்கு ஆகாதது காய்ந்த எச்சமும் இறகுத் தூளும்தான். ஆனால் பால்கனிக்கு வலை போட்டிருக்கிறது. ஜன்னல்களில் கொசுவலை. புறா எந்த வழியாக வரும்?

மிதியடி. பாத்ரூம்.

அக்டோபர் 17, வெள்ளி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் முரளி போனதும், நானும் போவதுபோல் பையை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன். உள்பக்கமாக. சமையலறையில் நின்றேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி.

மாமா வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அரிசி டப்பாவைத் திறந்தார். ஒரு கை அள்ளினார். யோசித்து இன்னொரு கை. வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு போனார். பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம்.

கதவருகே போனேன். உள்ளே பேச்சு. ஒரு நொடி, யாரிடமாவது போனில் பேசுகிறாரோ என்று. போன் ஹாலில் சார்ஜில் இருந்தது.

"இரு, இரு, அடிச்சுக்காதே. உனக்குந்தான். மழை பெய்யுது, இன்னிக்கு எங்கயும் போகாதே என்ன?"

அரிசி எதன்மேலோ சலசலவென்று விழுந்தது. பிறகு:

"முரளிக்கு ப்ரமோஷன் வரும்போல இருக்கு. சொன்னேனா? மருமகதான் பாவம், நேத்து சரியாவே சாப்பிடல."

சிறகடிக்கும் சத்தம். சின்ன அறைக்குள் அது எவ்வளவு பெரிய சத்தம்.

தட்டினேன். "மாமா, கதவைத் திறங்க."

குழாயைத் திறந்து மூடினார். பிறகு, "நீ போகலியாம்மா?"

திறந்தார். உயரத்தில் உள்ள வென்டிலேட்டரில் இரண்டு கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றியிருக்கிறார். வெளியே பைப்புகள் இறங்கும் இடுக்கு, அதில் ஏசிப் பெட்டிக்குப் போட்ட இரும்புத் தாங்கி. அதன்மேல் குச்சியும் கம்பியுமாகக் கூடு. மஞ்சள் பூத்த இரண்டு குஞ்சுகள். சோப்பு வைக்கும் மேடையில் என் இட்லி அரிசி. சுவரில் வழிந்து காய்ந்த வெள்ளை.

"டாக்டர் கேட்டாரே மாமா. புறான்னு கேட்டாரே."

"கேட்டார்."

"தெரிஞ்சேவா இல்லைன்னீங்க?"

கமோடு மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டார். வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக ஊர் ஜனத்தோடு பேசிக்கொண்டே இருந்த மனுஷர். "நீங்க ரெண்டு பேரும் போனா சாயங்காலம் வரைக்கும் வாயத் திறக்க ஆள் இல்லம்மா. வந்தா உங்களுக்கு அலுப்பு. உங்களைக் குத்தம் சொல்லல. இதுங்க வந்து உக்காரும். சொல்றதக் கேக்கும்."

"என் மேல பழி விழுந்துதே மாமா. நான் கிருமி கொண்டு வர்றேன்னு டாக்டர் வாசல்ல அண்ணி குத்தினப்போ நீங்க அங்கதானே இருந்தீங்க? தேவி கோவிச்சுகிட்டுப் போனாளே?"

"தெரியும். அதான் நிமிந்து உன் மூஞ்சியப் பாக்க முடியல."

கோபத்தில் கத்த வேண்டும் என்று வந்தவள். இருமல் வந்து அவர் குனிந்துகொண்டதும் முதலில் அவரை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"வசந்தாகிட்ட சொல்லிடாதேம்மா. வலை போட்டுடுவா. குஞ்சு இருக்கு."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். தீபாவளிக்கு அவங்க வர்றாங்க. அன்னிக்கு."

சரி என்றார். உடனே சரி என்றதுதான் நம்பும்படி இல்லை.

பிற்பகல்: முகக்கவசம் மாட்டிக்கொண்டு வென்டிலேட்டரை பிளாஸ்டிக் தாள் வைத்து உள்ளிருந்து ஒட்டினேன். பாத்ரூமை ஈரத்துணியால் துடைத்துப் பூட்டினேன். மாமாவுக்கு ஹாலில் வேறு கட்டில், வேறு படுக்கை. முரளியிடம், அந்த அறையில் பூஞ்சை என்று சொல்லி வைத்தேன்.

தேவிக்குப் போன். எடுக்கவில்லை. மறுபடி. "தேவி, அரிசி எங்க போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ." அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. "நாளிக்கு வரேன். ஆனா இன்னொரு தபா அப்பிடிக் கேட்டீங்க, அத்தோட நின்னுருவேன்க்கா."

அக்டோபர் 19, ஞாயிறு

மாமாவுக்கு நேற்றும் இன்றும் ஜுரம் இல்லை.

நான் அவரைக் காவல் காக்கிறேன். எழுந்தால் காது நிமிர்கிறது. அரிசி டப்பாவை என் அலமாரிக்கு மாற்றிவிட்டேன். பூட்டிய பாத்ரூம் பக்கம் போய் கதவில் கை வைத்து நின்றார். திரும்பினார். என்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் நடந்தார்.

நாளைக்கு சொல்வாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தூறல். நனைந்த வெடிக் காகிதம் தெருவெல்லாம் சிவப்பாக.

அண்ணி காலையிலேயே லட்டு டப்பாவோடு. கண் நேராகக் கட்டிலுக்கு. "அப்பாவ ஹால்ல போட்டிருக்கியா? அவருக்குன்னு ஒரு ரூம் இல்லாம பண்ணிட்டியா?"

வாயைத் திறக்கப் போனேன். மாமா முந்திக்கொண்டார்.

"வசந்தா, உக்காரு. அவளை ஒண்ணும் சொல்லாதே. எனக்குச் சீக்கு குடுத்தது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடிப் பட்டை, அரிசி, டாக்டரிடம் சொன்ன பொய். பேச்சுத் துணை இல்லை என்பதை மட்டும் விட்டுவிட்டார். புறா வளர்க்கும் ஆசை என்று சின்னப் பையன் மாதிரி சொல்லி முடித்தார்.

முரளி முதலில் சிரித்தார். பிறகு போய்ப் பூட்டிய கதவு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

அண்ணி அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். மன்னிப்பு வரும் என்று நினைத்த நான் ஒரு முட்டாள்.

"உனக்கு வெள்ளிக்கிழமையே தெரியுமா? என்கிட்ட ஏன் மறைச்சே?"

லட்டு நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

வலை போடுகிறவர் வந்து பார்த்தார். "கூட்ட இப்பவே தட்டி வுட்டுர்லாம் மேடம், அஞ்சு நிமிஷம்." மாமா போய்ச் சட்டை போட ஆரம்பித்தார். அறையில் இருக்க முடியாமல்தான்.

வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். குஞ்சுகள் பறக்கும்வரை மாமா கே.கே. நகரில். அதுவரை அந்த அறைக்குள் யாரும் போவதில்லை. முரளிக்கு நான் ஏன் இப்படி இறங்கிப் போகிறேன் என்று புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரியவில்லை.

நவம்பர் 1, சனி

மதியம் அண்ணி போன். குரலைத் தாழ்த்தி:

"அப்பா தினம் மொட்டை மாடிக்குப் போறார்."

"கையில ஏதாவது எடுத்துட்டுப் போறாரா?"

"அதத்தான் நானும் பாக்கறேன். வேட்டில முடிஞ்சிருப்பாரோ?"

"அரிசி டப்பாவ மாத்தி வைங்க அண்ணி. சத்தமில்லாம பின்னாடி போய்ப் பாருங்க."

வைத்தபிறகுதான் தோன்றியது. இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்று பேசியது இதுதான் முதல் தடவை.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போன். மாடியில் பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் டிரைவர் செடிக்குத் தண்ணீர் விடுகிறாராம். இரண்டு பேரும் பழைய பஸ் ரூட்டுகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். அண்ணி சிரித்தாள். பிறகு, "அங்க பேச யாருமே இல்லியாடி அவருக்கு?" என்று கேட்டாள். குத்தலாக இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"இல்ல அண்ணி" என்றேன்.

நவம்பர் 8, சனி

குஞ்சுகள் போய்விட்டன. காலையில் கூடு காலி. வலைக்காரர், சுத்தம் செய்ய இரண்டு ஆட்கள், எல்லாருக்கும் முகக்கவசம். கூட்டை நனைத்து அள்ளினோம். மெத்தை குப்பைக்கு. புதுக் கண்ணாடிப் பட்டை. தேவி கை வைக்க வந்தாள், நான் விடவில்லை. "எனுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா." ஆகக்கூடாது என்றுதான்.

நவம்பர் 14, வெள்ளி

ஸ்கேன். பனி பெரும்பாலும் விலகியிருக்கிறது. அடிப்பாகத்தில் கொஞ்சம் தழும்பு. அது அப்படியே இருக்கும் என்றார் டாக்டர். மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புறா பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது.

மாமா நாளை வீட்டுக்கு வருகிறார். முரளி வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டிருக்கிறார். கேட்டேன் என்று சொல்கிறார். கேட்டிருப்பார்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். வெகு நாளுக்குப் பிறகு சுள்ளென்று.

புது வேலை: அடுக்குமாடி லிஃப்ட்டுகள். எங்கள் கட்டடத்திலேயே ஆரம்பிக்கலாம் என்று செக்ரட்டரியிடம் அனுமதி வாங்கினேன். பஞ்சுக் குச்சியோடு கிளம்பியபோது மாமாவும் செருப்பு மாட்டிக்கொண்டார். கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் குச்சி எதுக்கு, இந்தப் பட்டன்ல எத்தனை பேர் கிருமி இருக்கும், நல்லதா கெட்டதா என்று ஓயாமல் கேள்வி. மூச்சு வாங்காமல் கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தேன்.

வாட்ச்மேன் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "இன்னா மேடம், பட்டனத் தொடச்சுத் தொடச்சு இன்னா தேடிகினு கீறீங்க? என் மேல யாராச்சும் கம்ப்ளைண்ட் குடுத்துகீறாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"பயப்படாதேப்பா. இவ எல்லாத்தையும் கண்டுபிடிச்சுடுவா. ஆனா காட்டிக் குடுக்க மாட்டா."